‘பத்தாயிரம் பேர் கொண்ட சமூகம்’ என்று எழுதுவதற்கு முன்: திறமூலத் திட்டத்தின் முகப்பில் சமூக எண்களை எழுத ஒரு முழு வழிகாட்டி

திறமூலத் திட்டம் (மூல நிரலை எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கும் மென்பொருள்) ஒன்றின் முகப்புப் பக்கத்தைக் கீழே உருட்டிக்கொண்டே போனால் எங்காவது அந்தப் பட்டை வந்துவிடும். பெரிய எழுத்தில் மூன்று நான்கு எண்கள், ஒவ்வொன்றின் வாலிலும் ஒரு கூட்டல் குறி, அடியில் சாம்பல் நிறத்தில் ‘பங்களிப்பாளர்கள்’, ‘பயனர்கள்’, ‘உறுப்பினர்கள்’. டிசைன் டெம்ப்ளேட்டிலேயே அந்த இடம் காலியாக இருந்திருக்கும், யாரோ நிரப்பியிருப்பார்கள். எங்கிருந்து எடுத்தார்கள், எப்போது எடுத்தார்கள் என்று கேட்டால் பெரும்பாலும் யாருக்கும் நினைவிருக்காது.

வேறு பொருட்களின் விளம்பரத்தில் இப்படி எழுதினால் யாரும் சரிபார்க்கப் போவதில்லை. திறமூலத்தில் ரெப்போ, அதாவது நிரலும் அதன் மாற்ற வரலாறும் இருக்கும் களஞ்சியம், எல்லோருக்கும் திறந்து கிடக்கிறது. உங்கள் பக்கத்தைப் படிக்கிறவர் அதைக் குளோன் செய்து (தன் கணினிக்கு நகலெடுத்து) ஒரே கட்டளையில் எண்ணிப் பார்க்கக்கூடியவர், சந்தேகம் வந்தால் பார்த்தும் விடுவார். முகப்பில் 500 பேர் என்றும் ரெப்போவில் 180 பேர் என்றும் இருந்தால், அதற்கு அடுத்த வரியில் பாதுகாப்பைப் பற்றி நீங்கள் சொல்வதையும் அவர் நம்ப மாட்டார். அதனால் இந்த வழிகாட்டிக்கு ஒரே நிபந்தனைதான்: வெளியாள் ஒருவர் தானே எண்ணிப் பார்த்தால் அதே எண்ணோ அதற்குப் பக்கத்து எண்ணோ வருகிற மாதிரி வாக்கியம் இருக்க வேண்டும்.

படி 1: யார் படிக்கிறார், எதை முடிவு செய்யப் பார்க்கிறார்

இது சின்னப் படி, ஆனால் தாண்டிப் போக வேண்டாம். முகப்புக்கு வருகிறவர்களில் மூன்று வகையினருக்குத்தான் சமூக எண் உதவும். மென்பொருளைப் பயன்படுத்தலாமா என்று பார்க்கிறவருக்கு, திட்டம் உயிரோடு இருக்கிறதா, சிக்கல் வந்தால் பதில் சொல்ல ஆள் இருக்கிறதா என்று தெரிய வேண்டும். பங்களிக்க நினைப்பவருக்கு, தான் அனுப்பும் புல் ரிக்வெஸ்டை (மாற்றத்தைச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கையை) யாராவது பார்ப்பார்களா என்று தெரிய வேண்டும். நிறுவனத்துக்காக ஆராய்கிறவருக்கு, ஒரே ஆள் தூக்கிப் பிடித்திருக்கிற திட்டமா, அவர் விலகினால் என்ன ஆகும் என்பது கவலை.

மூவருக்கும் தேவைப்படும் எண்கள் வேறு வேறு. ‘இதுவரை மொத்தம் இத்தனை பேர்’ என்ற எண் இந்த மூன்று கேள்விகளில் ஒன்றுக்குக்கூடப் பதில் சொல்வதில்லை என்பதைக் கவனியுங்கள். ஆனால் முகப்புகளில் அதிகம் காணக் கிடைப்பது அதுதான். எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லப் போகிறீர்கள் என்று ஒரு வரியில் எழுதி வைத்துக்கொண்டு அடுத்த படிக்குப் போங்கள்.

படி 2: எண்ணுக்கு முன்னால் பெயர்ச்சொல்லை முடிவு செய்யுங்கள்

‘சமூகம்’, ‘உறுப்பினர்’, ‘பங்களிப்பாளர்’, ‘பயனர்’ எல்லாம் கேட்க ஒன்று போலத்தான் இருக்கும். எழுதுகிறவர் இவற்றில் பெரிய எண் எதற்குக் கிடைக்கிறதோ அதை எடுத்துக்கொள்வார். குழப்பம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

‘பங்களிப்பாளர்’ என்றால் யார்? கமிட் செய்தவர் (நிரலில் மாற்றத்தைப் பதிவு செய்தவர்) மட்டுமா, பிழையைக் கண்டுபிடித்துச் சொன்னவருமா, ஆவணம் எழுதியவர், மொழிபெயர்த்தவர், அரட்டை அறையில் தினமும் புதியவர்களுக்குப் பதில் சொல்கிறவர்? இதற்குச் சரியான விடை என்று ஒன்று கிடையாது, உங்கள் விடை என்ன என்று எழுதிவைத்தால் போதும். இணையத்தில் தரவை அனுப்பவும் பெறவும் உதவும் கர்ல் திட்டம் இதை அழகாகச் செய்கிறது. ஒவ்வொரு வெளியீட்டிலும் பங்களிப்பாளர்களைத் தனி எண்ணாகவும், கமிட் ஆசிரியர்களைத் தனி எண்ணாகவும் சொல்வார்கள்; பிழை சொன்னவர்கள், யோசனை தந்தவர்கள் முதல் எண்ணில் அடக்கம். மொத்தக் கணக்கில் முதல் எண் 3,000-ஐத் தாண்டிவிட்டது, இரண்டாவது 1,000-ஐத் தாண்டியிருக்கிறது. இரண்டையும் கலந்து ‘டெவலப்பர்கள்’ என்று எழுதியிருந்தால் பெரிய எண் கிடைத்திருக்கும், ஆனால் பொய்யாகியிருக்கும்.

‘உறுப்பினர்’ என்ற சொல்லை நான் கூடிய வரையில் தவிர்க்கச் சொல்வேன். டிஸ்கார்ட் அரட்டைத் தளத்தில் சேர்ந்துவிட்டு ஒரு வரிகூட எழுதாமல் போனவரும் உறுப்பினர் கணக்கில் வருவார், அதே ஆள் மின்னஞ்சல் குழுவிலும் டெலிகிராமிலும் இருப்பார், மூன்றையும் கூட்டி ‘12,000 பேர் கொண்ட சமூகம்’ என்று போட்டால் ஒருவரை மூன்று முறை எண்ணியதாகிறது. அந்த எண் வேண்டும் என்றால் இடத்தின் பெயரைச் சேர்த்துச் சொல்லுங்கள்: ‘டிஸ்கார்டில் 4,000 பேர் சேர்ந்திருக்கிறார்கள்’. வெவ்வேறு இடங்களின் கணக்கைக் கூட்டவே கூட்டாதீர்கள்.

ஒரு சொல் மாறினால் படம் எவ்வளவு மாறும் என்பதற்கு ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் நல்ல உதாரணம். அங்கே கணக்குத் தொடங்கியவர்கள் ஒரு கோடிக்கும் மேல். அவர்களில் வரைபடத்தை ஒரு முறையாவது திருத்தியவர்கள் சிறு பங்குதான், அதிலும் இந்த மாதம் திருத்தியவர்கள் இன்னும் சிறு பங்கு. மூன்றுமே உண்மையான எண்கள். ‘ஒரு கோடிப் பேர் வரைந்த வரைபடம்’ என்று யாராவது எழுதினால்தான் தப்பு.

‘பயனர்’ இருப்பதிலேயே கடினமான சொல். திறமூல மென்பொருளை யார் வேண்டுமானாலும் எடுத்துப் போகலாம், திரும்பிச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. அதனால் பயனர் எண்ணிக்கை பெரும்பாலான திட்டங்களுக்குத் தெரியவே தெரியாது. நிறையத் தரவு வைத்திருக்கிற ஃபயர்பாக்ஸ் உலாவியே தன் பொது அறிக்கையில் கடந்த 28 நாட்களில் இயங்கிய ‘கிளையன்ட்’களைத்தான் (நிறுவப்பட்ட உலாவிகளைத்தான்) எண்ணுகிறது, ஏனென்றால் ஒருவரே இரண்டு கணினியில் வைத்திருக்கலாம், ஒரு கணினியை நாலு பேர் பயன்படுத்தலாம். அவ்வளவு பெரிய திட்டமே ஆளை எண்ணியதாகச் சொல்லிக்கொள்ளவில்லை. நமக்கென்ன அவசரம்?

படி 3: ரெப்போவில் ஆட்களை எண்ணுவது

பெயர்ச்சொல் ‘கமிட் செய்தவர்கள்’ என்று முடிவாகிவிட்டால் எண்ணுவது எளிது, ஆனால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கிற அளவுக்கு எளிது இல்லை. மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் கருவியில் ஷார்ட்லாக் என்ற கட்டளை ஆசிரியர்வாரியாகக் கமிட்டுகளைத் தொகுத்துக் காட்டும். எண்ணிக்கை, மின்னஞ்சல் இரண்டையும் காட்டும் தெரிவுகளோடு ஓட்டினால் ஒரு பட்டியல் வரும். அந்தப் பட்டியலின் வரிகளை அப்படியே எண்ணி முகப்பில் போட்டால் எண் பெரும்பாலும் ஊதிப்போயிருக்கும், காரணங்கள் இரண்டு.

முதலாவது, ஒரே ஆள் பல பெயரில் இருப்பார். வேலை மடிக்கணினியில் ஒரு மின்னஞ்சல், வீட்டில் வேறொன்று, ரெப்போக்களை வைத்திருக்கும் கிட்ஹப் தளத்திலேயே திருத்தியபோது, உண்மை மின்னஞ்சலை மறைக்கும் மூன்றாவது முகவரி ஒன்று. இதற்காகவே மெயில்மேப் என்ற கோப்பு இருக்கிறது. ரெப்போவின் வேரில் வைத்து, எந்த முகவரிகள் எல்லாம் ஒரே ஆளுடையவை என்று எழுதிவிட்டால் ஷார்ட்லாக் அவற்றை இணைத்துக் காட்டும். ஒரு மதியம் உட்கார்ந்து செய்கிற வேலைதான். ஆனால் இது பொதுவில் தெரியும் கோப்பு, ஒருவருடைய பழைய பெயரையும் புதிய பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறது. பெயரை மாற்றிக்கொண்டவர்கள் அதை விரும்பாமல் இருக்கலாம், ஆகவே கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

இரண்டாவது, பாட்கள், அதாவது தானே இயங்கும் நிரல்கள். டிபெண்டபாட், ரெனவேட், கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் எல்லாம் கமிட் செய்யும், பட்டியலின் உச்சியிலேயே உட்கார்ந்திருக்கும். பெரும்பாலானவற்றின் பெயர் முடிவில் பாட் என்று அடைப்புக்குறிக்குள் இருக்கும் என்பதால் வடிகட்டுவது சுலபம். அந்த வால் இல்லாமல் சாதாரணக் கணக்கு வழியாகக் கமிட் செய்யும் உங்கள் சொந்த வெளியீட்டு ஸ்கிரிப்டை மறக்காதீர்கள்.

எண் குறைந்து காட்டும் இடங்களும் உண்டு. பல கமிட்டுகளை ஒன்றாக அழுத்தி இணைக்கும்போது, இணை ஆசிரியர் வரி இல்லையென்றால் கூட வேலை செய்தவர்கள் மறைந்துபோவார்கள். ஷார்ட்லாக் சாதாரணமாக அந்த வரியைக் கணக்கில் எடுப்பதும் இல்லை, தொகுப்பதற்கான தெரிவில் சொல்லித்தர வேண்டும். மொழிபெயர்ப்புத் தளம் வழியாக வேலை செய்கிறவர்களின் உழைப்பெல்லாம் அந்தத் தளத்தின் ஒரே கணக்கின் பெயரில் வந்து சேரலாம். கிட்டுக்கு முந்தைய கருவியான எஸ்விஎன் காலத்திலிருந்து மாறி வந்த திட்டங்களில், பேட்ச் (திருத்தம்) எழுதியவர் பெயர் கமிட் செய்தியில் மட்டும் இருக்கும், ஆசிரியர் இடத்தில் அதை ஏற்றியவர் பெயர் இருக்கும்.

கிட்ஹப் பக்கத்தில் ஓரமாகத் தெரியும் எண்ணை அப்படியே எடுத்துவிட்டால் என்ன என்று தோன்றும். சின்னத் திட்டத்துக்குப் பரவாயில்லை. பெரியதற்குத் தோதுப்படாது: அதன் ஏபிஐ (வேறு நிரல்கள் தரவு கேட்கும் வழி), ரெப்போவின் முதல் 500 ஆசிரியர் மின்னஞ்சல்களைத்தான் பயனர் கணக்குகளோடு இணைக்கிறது, அதற்குமேல் வருபவர்கள் பெயரற்றவர்களாக நிற்பார்கள். பங்களிப்பாளர் வரைபடமோ முதல் 100 பேரோடு நின்றுவிடும். லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கர்னலின் ரெப்போவில் பல காலம் எண் இருக்க வேண்டிய இடத்தில் முடிவிலிக் குறியே இருந்தது, பார்க்க வேடிக்கையாக இருக்கும்.

இன்னொன்று, திடீர் வீக்கம். அக்டோபர்தோறும் பங்களிப்பை ஊக்குவிக்க நடக்கும் ஹாக்டோபர்ஃபெஸ்ட் நிகழ்வில், 2020-இல் நான்கு புல் ரிக்வெஸ்ட் அனுப்பினால் டி-ஷர்ட் என்றதும், ரீட்மீ என்ற அறிமுகக் கோப்பில் ஒரு சொல்லை மட்டும் மாற்றி அனுப்புகிறவர்கள் குவிந்தார்கள்; நிகழ்வு நடந்துகொண்டிருக்கும்போதே, விரும்பும் ரெப்போக்கள் மட்டும் சேரலாம் என்று விதியை மாற்ற வேண்டியதாயிற்று. அப்படி ஓர் அக்டோபரில் உங்கள் எண் துள்ளியிருந்தால், ‘இந்த ஆண்டு இரண்டு மடங்கு வளர்ந்தோம்’ என்று எழுதுவதற்கு முன் அந்த மாதத்தின் கமிட்டுகளைத் திறந்து பாருங்கள்.

எண்ணி முடித்ததும், எப்படி எண்ணினோம் என்பதை நான்கைந்து வரியில் ரெப்போவிலேயே ஒரு கோப்பாகப் போட்டுவிடுங்கள். கட்டளை, தேதி, எதை விலக்கினோம், எந்தக் கிளை, எத்தனை ரெப்போக்கள். பிறகு வரும் படிகள் எல்லாம் இந்தக் கோப்பை நம்பித்தான் இருக்கின்றன.

படி 4: ஆள் இல்லாத எண்களை ஆளாக்காதீர்கள்

டவுன்லோடு, ஸ்டார், ஃபோர்க் (ரெப்போவைத் தன் கணக்குக்கு நகலெடுப்பது) இவை எதுவுமே மனிதர்கள் இல்லை. இதைத் தெரியாதவர் யாரும் இல்லை, ஆனாலும் முகப்பு எழுதும்போது ‘மாதம் 20 லட்சம் டவுன்லோடு’ எப்படியோ ‘20 லட்சம் பயனர்கள்’ ஆகிவிடுகிறது.

ஜாவாஸ்கிரிப்ட் பொதிகளின் களஞ்சியமான என்பிஎம் எண்ணுவது, பொதிக் கோப்பு வெற்றிகரமாக அனுப்பப்பட்ட ஒவ்வொரு முறையையும். உங்கள் நூலகத்தைச் சார்ந்த திட்டம் ஒன்றின் தானியங்கிச் சோதனை ஒரு நாளில் நூறு முறை ஓடி ஒவ்வொரு முறையும் புதிதாக இறக்கினால் நூறு டவுன்லோடு. எல்லாப் பொதிகளையும் நகலெடுக்கும் மிரர் சர்வர்களும் பாட்களும் இதில் சேரும். யாருமே பயன்படுத்தாத பொதிக்கும் தினமும் சில டவுன்லோடுகள் வரும். பைத்தான் பொதிகளின் களஞ்சியமான பைப்பிஐ தன் பக்கத்தில் எண்ணைக் காட்டுவதே இல்லை. மூலப் பதிவுகளைக் கூகுள் பிக்குவெரி என்ற தரவுச் சேவையில் பொதுத் தரவாக வைத்திருக்கிறது. அதில் எந்த நிறுவியால் இறக்கப்பட்டது, தானியங்கிச் சோதனைச் சூழலா என்ற விவரங்களும் உள்ளதால் மிரர்களைக் கழித்துவிட்டு எண்ணலாம். அப்படிக் கழித்திருந்தால் ‘மிரர்கள் நீங்கலாக’ என்ற இரண்டு சொற்களைச் சேர்த்துவிடுங்கள். சாதாரண ஆள் கவனிக்க மாட்டார், ஆனால் விஷயம் தெரிந்தவர் அந்த இரண்டு சொற்களைப் பார்த்ததுமே மீதிப் பக்கத்தையும் மரியாதையோடு படிப்பார்.

மேக்கிலும் லினக்ஸிலும் மென்பொருள் நிறுவ உதவும் ஹோம்புரூ இதில் எனக்குப் பிடித்த முன்மாதிரி. 30, 90, 365 நாள் என்று காலத்தைச் சொல்லிவிட்டுத்தான் எண்ணைத் தருகிறது. அதோடு, வேறொரு பொதியின் சார்பாகத் தானே வந்து நிறுவப்பட்டதையும் பயனர் பெயர் சொல்லிக் கேட்டு நிறுவியதையும் தனித்தனியாகக் காட்டுகிறது. உங்கள் நூலகம் பிரபலமான வேறொன்றின் அடியில் ஒளிந்திருந்தால் இந்த வேறுபாடு மிகப் பெரியது.

ஸ்டார் என்பது ஒருவர் ஒரு கணம் பொத்தானை அழுத்தியதற்கான சாட்சி. பிறகு பார்க்கலாம் என்று குறித்து வைத்தவர், ஒரு முறை நன்றாக இருக்கிறதே என்று நினைத்தவர், எல்லாரும் அதில் உண்டு. போதாக்குறைக்கு ஸ்டார்கள் விலைக்கும் கிடைக்கின்றன. 2024-இல் வெளியான கல்வி ஆய்வு ஒன்று கிட்ஹப்பில் சுமார் 45 லட்சம் ஸ்டார்களைச் சந்தேகத்துக்குரியவை என்று அடையாளம் கண்டது. ஸ்டார் எண்ணைப் போடுவதே தப்பு என்று சொல்ல மாட்டேன், போட்டால் ‘கிட்ஹப் ஸ்டார்கள்’ என்றே போடுங்கள், ‘ஆதரவாளர்கள்’ என்று மொழிமாற்றி அலங்கரிக்காதீர்கள்.

ஃபோர்க்கைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. வெளியாள் புல் ரிக்வெஸ்ட் அனுப்ப ஃபோர்க் செய்தாக வேண்டும், பலர் செய்துவிட்டு ஒரு வரிகூட மாற்றாமல் விட்டுவிடுவார்கள். முகப்பில் அதற்கு இடம் வேண்டியதில்லை.

‘40 நாடுகள்’ என்ற எண்ணையும் இங்கேயே பார்த்துவிடலாம். எங்கிருந்து வந்தது அது? கமிட்டில் இருப்பது நேர மண்டலம், நாடு இல்லை. கிட்ஹப் சுயவிவரத்தில் இடம் என்ற பெட்டியில் யார் என்ன வேண்டுமானாலும் எழுதலாம், பலர் காலியாக விடுகிறார்கள். தளத்துக்கு வந்த பார்வையாளர்களின் நாடு என்றால் அது சமூகமே இல்லை. மூலம் சொல்ல முடியவில்லையென்றால் அந்த எண்ணை எடுத்துவிடுங்கள்.

படி 5: காலத்தைச் சொல்லுங்கள்

இதுவரை மொத்தம் என்ற எண்ணுக்கு ஒரு வசதி உண்டு, அது இறங்கவே இறங்காது. கைவிடப்பட்டு ஐந்து வருடம் ஆன திட்டத்திலும் அது அப்படியே கம்பீரமாக நிற்கும். இந்த வசதியே அதை நம்ப முடியாததாக ஆக்குகிறது. உயிரோடு இருக்கிறீர்களா என்ற கேள்விக்குப் பதில் சொல்ல, கால எல்லை உள்ள எண் வேண்டும்.

எந்த எல்லை? வெளியீடுகள் ஒழுங்காக வருகிற திட்டமாக இருந்தால் வெளியீட்டையே அலகாக வைக்கலாம். லினக்ஸ் கர்னலைப் பற்றி அப்படித்தான் பேசுகிறார்கள்: ஒன்பது பத்து வாரங்களுக்கு ஒரு வெளியீடு, ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 2,000 டெவலப்பர்கள். மொத்த எண்ணைச் சொன்னபோதும் தொடக்கத்தைச் சேர்த்தே சொன்னார்கள். லினக்ஸ் ஃபவுண்டேஷனின் 2017 அறிக்கையில், கிட்டுக்கு மாறிய 2005 முதல் சுமார் 15,600 டெவலப்பர்கள், 1,400-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் என்று இருந்தது. ‘2005 முதல்’ என்ற சொல் இல்லாவிட்டால் 1991-இலிருந்து என்று யாராவது எடுத்துக்கொள்வார்கள். அதற்கு முந்தைய வரலாறு கிட்டில் இல்லாததால் எண்ணவும் முடியாது.

வெளியீடு ஒழுங்கில்லாத திட்டங்களுக்கு ‘கடந்த 12 மாதங்களில்’ நன்றாகப் பொருந்தும். ஒரு மாதம் என்றால் விடுமுறைக் காலத்தில் எண் சரிந்து வீணாகப் பயமுறுத்தும். ‘ஆக்டிவ்’ என்று தனியாக எழுதினால் ஒன்றும் விளங்காது, என்ன செய்தால் ஆக்டிவ் என்று சொல்ல வேண்டும். விக்கிப்பீடியாவின் புள்ளிவிவரப் பக்கம் அந்தச் சொல்லுக்குப் பக்கத்திலேயே, கடந்த 30 நாட்களில் ஏதேனும் ஒரு செயலைச் செய்தவர்கள் என்று எழுதிவிடுகிறது. அவ்வளவுதான் தேவை.

மொத்தமும் வேண்டும், அண்மையும் வேண்டும் என்றால் இரண்டையும் ஒரே வாக்கியத்தில் வையுங்கள், அண்மை முதலில் வரட்டும்.

படி 6: ‘க்கும் மேல்’, ‘சுமார்’, கூட்டல் குறி

எண்ணி வந்தது 1,043 என்று வைத்துக்கொள்வோம். 1,043 என்றே எழுதினால் நாளைக்கே பழசாகிவிடும். ‘1,000-க்கும் மேற்பட்டோர்’ என்றால் நீண்ட நாள் நிற்கும். விதி எளியது: எப்போதும் கீழ்ப்பக்கமாக முழுமையாக்குங்கள், தாண்டிய எல்லையைச் சொல்லுங்கள். 970-ஐ ‘சுமார் 1,000’ என்பது பேச்சில் சரி, முகப்பில் வேண்டாம். ‘900-க்கும் மேல்’ போதும்.

கால எல்லை உள்ள எண்ணுக்கு மட்டும் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, அது இறங்கவும் செய்யும். இன்று 210 என்பதால் ‘200-க்கும் மேல்’ என்று எழுதிவிட்டு அடுத்த வருடம் 185 ஆனால் வாக்கியம் பொய். அத்தகைய எண்ணுக்கு ‘சுமார்’ போட்டு வருடத்தையும் சேர்ப்பது நல்லது: ‘2024-இல் சுமார் 200 பேர்’. கடந்த வருடத்தின் கணக்கு முடிந்துபோன கணக்கு, அது எப்போதும் மாறாது.

கூட்டல் குறியில் இடம் மிச்சமாகும் என்பது உண்மைதான், ஆனால் ‘1,043+’ என்று எழுதுவதில் அர்த்தமே இல்லை. துல்லியமான எண்ணுக்குப் பின்னால் கூட்டல் வந்தால் எழுதியவர் யோசிக்கவில்லை என்றுதான் தெரியும். ‘2+ மில்லியன்’ என்பதும் அப்படியே: 21 லட்சமா, 29 லட்சமா?

மதிப்பீடு என்றால் மதிப்பீடு என்றே சொல்லுங்கள், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. கர்ல் உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான கோடி நிறுவல்கள் என்கிறது. அது மதிப்பீடு என்று சொல்லி, போன்கள், கார்கள், தொலைக்காட்சிகள் என்று கணக்குப் போட்ட வழியையும் வெளியிட்டிருக்கிறது. கவனியுங்கள், நிறுவல்கள் என்றுதான் சொல்கிறார்கள்.

படி 7: வாக்கியத்தை எழுதுங்கள்

இப்போதுதான் எழுதுகிறோம். மேலே சொன்னவை கையில் இருந்தால் வாக்கியம் தானே வந்து உட்காரும்: யார், என்ன செய்தார்கள், எந்தக் காலத்தில், எத்தனை பேர். கீழே உள்ள எண்கள் எல்லாம் கற்பனை, வடிவத்தை மட்டும் பாருங்கள்.

பலவீனமானது: ‘5,000+ டெவலப்பர்களின் துடிப்பான சமூகம்.’ யார் இந்த 5,000 பேர்? விசாரித்தால் டிஸ்கார்டில் சேர்ந்தவர்கள் என்று தெரிய வரும்.
சரியானது: ‘2024-இல் சுமார் 140 பேர் நிரல், ஆவணம், மொழிபெயர்ப்பு அனுப்பினார்கள். கேள்வி கேட்க டிஸ்கார்டில் 5,000-க்கும் மேற்பட்டோர் சேர்ந்திருக்கிறார்கள்.’

பலவீனமானது: ‘லட்சக்கணக்கானோர் நம்பும் கருவி.’ நம்பிக்கையை யாரும் எண்ணியதில்லை.
சரியானது: ‘என்பிஎம்மில் வாரத்துக்கு 3 லட்சம் டவுன்லோடுகள்.’ ஆளைப் பற்றி வாயே திறக்கவில்லை, ஆனாலும் போதுமான செய்தி கிடைத்துவிட்டது.

பலவீனமானது: ‘உலகெங்கும் உள்ள தன்னார்வலர்களால் பராமரிக்கப்படுகிறது.’
சரியானது: ‘பராமரிப்பாளர்கள் 6 பேர், அவர்களில் இருவருக்கு இதுவே சம்பள வேலை.’ நிறுவனத்துக்காக ஆராய்கிறவர் முழுப் பக்கத்திலும் தேடிக்கொண்டிருந்தது இந்த ஒரு வரியைத்தான். பெரிய எண்ணை விட இந்த 6 அவருக்கு அதிகம் சொல்லும்.

அந்தக் கடைசி வகை எண்ணுக்கு முறையான அளவீடும் இருக்கிறது. திறமூலச் சமூகங்களை அளக்கும் முறைகளை வகுக்க 2017 முதல் இயங்கும் சாவோஸ் திட்டம், பங்களிப்பில் பாதியைச் செய்து முடிக்கும் மிகக் குறைந்த ஆட்களின் எண்ணிக்கையை ஓர் அளவாக வரையறுத்திருக்கிறது. பஸ் ஃபாக்டர் என்று முன்பு சொல்லிவந்ததுதான். 900 பேர் பங்களித்த திட்டத்தில் அந்த எண் 2 ஆகவும் இருக்கலாம். முகப்பில் போட வேண்டும் என்று கட்டாயப்படுத்தவில்லை, ஆனால் உங்களுக்காவது அது தெரிந்திருக்க வேண்டும். 2 என்று தெரிந்த பிறகு ‘900 பேர் தாங்கிப் பிடிக்கும் திட்டம்’ என்று எழுத உங்களுக்கே கை வராது.

வினைச்சொல்லில் கவனம் வையுங்கள். ‘இருக்கிறார்கள்’ என்பதை விட ‘அனுப்பினார்கள்’, ‘திருத்தினார்கள்’, ‘பதில் சொன்னார்கள்’ எல்லாம் நல்ல சொற்கள், ஏனென்றால் செயலை எண்ண முடியும். அப்புறம் ‘துடிப்பான’, ‘மாபெரும்’, ‘வேகமாக வளரும்’ மூன்றையும் அடித்துவிடுங்கள். வளர்ச்சியைச் சொல்ல வேண்டும் என்றால் இரண்டு வருட எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும், வேகம் வாசகருக்கே தெரியும்.

எந்தெந்த நிறுவனங்கள் பயன்படுத்துகின்றன என்பதைக் காட்ட லோகோ வரிசை போடும் ஆசை வந்தால், நிறுவனங்கள் தாங்களே பெயரைச் சேர்த்துக்கொள்ளும் அடாப்டர்ஸ் (ADOPTERS) கோப்பு ஒன்றை ரெப்போவில் வையுங்கள். கிளவுட் நேட்டிவ் (கிளவுடில் ஓடுவதற்கென்றே எழுதப்பட்ட) திட்டங்கள் பலவற்றில் இந்த வழக்கம் இருக்கிறது. கேட்டு வாங்கியதற்கு அதுவே சான்று, ‘இந்தப் பட்டியலில் 30 நிறுவனங்கள்’ என்று எண்ணுவதும் சுலபம்.

படி 8: எண் சின்னதாக இருந்தால்

பெரும்பாலான திட்டங்களுக்கு எண் சின்னதாகத்தான் இருக்கும். மூன்று பேர், பதினொரு பேர். அதை மறைக்கத்தான் ஸ்டாரையும் டவுன்லோடையும் இழுத்துவந்து ஆள் மாதிரி நிறுத்துகிறார்கள்.

என் கருத்து: சின்ன எண்ணை நேராகச் சொல்வது பெரிய எண்ணை மழுப்பிச் சொல்வதை விட மேல். ‘இருவர் பராமரிக்கிறோம், மாதம் ஒரு வெளியீடு, புதிய இஷ்யூவுக்குப் பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் பதில்’ (இஷ்யூ என்பது பிழையோ கேள்வியோ எழுப்பும் பதிவு) என்ற வரியில் ஆள் எண்ணிக்கை 2 தான், ஆனால் படிக்கிறவர் கேட்க நினைத்த எல்லாமே அதில் இருக்கிறது. ஆள் எண்ணுக்குப் பதில் தாளத்தை எண்ணலாம்: வெளியீடுகளுக்கு இடையேயான காலம், இஷ்யூவுக்கு முதல் பதில் வர ஆகும் நேரம், கடந்த வருடம் இணைக்கப்பட்ட புல் ரிக்வெஸ்டுகள். பதில் நேரத்தைச் சொல்லும்போது சராசரியை விட இடைநிலை மதிப்பை எடுங்கள், ஒரு வருடம் கிடந்த ஒரே இஷ்யூ சராசரியைக் குலைத்துவிடும். முதன்முறை பங்களித்தவர்கள் எத்தனை பேர் என்பதும் நல்ல எண். பங்களிக்க நினைப்பவருக்குக் கதவு திறந்திருக்கிறது என்று அது காட்டும்.

சொல்வதற்கு எதுவுமே இல்லையென்றால் பட்டையையே நீக்குங்கள். டெம்ப்ளேட்டில் இடம் இருக்கிறது என்பதற்காக நிரப்ப வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.

படி 9: பக்கத்தில் வைக்கும் விதம்

பூஜ்யத்திலிருந்து கடகடவென்று ஏறும் அனிமேஷனை விட்டுவிடுங்கள். பல தளங்களில் மூல எச்டிஎம்எல்லில் 0 என்றுதான் எழுதியிருக்கும், ஜாவாஸ்கிரிப்ட் ஓடிய பிறகுதான் உண்மை எண் வரும். ஸ்கிரிப்ட் தடுக்கப்பட்ட உலாவியில் ‘0+ பங்களிப்பாளர்கள்’ என்று அப்படியே நிற்கும், இணையக் காப்பகத்திலும் அதுவே பதிவாகலாம். அசைவைக் குறைக்கும்படி தன் கருவியில் சொல்லி வைத்திருப்பவருக்கும் தொந்தரவு. எண்ணை எச்டிஎம்எல்லில் சாதாரண எழுத்தாக வையுங்கள்.

எண்ணின் மேலேயே இணைப்புக் கொடுங்கள், சொடுக்கினால் மூன்றாம் படியில் எழுதிய அந்தக் கோப்பு திறக்க வேண்டும். பக்கத்தில் சின்னதாக மாதமும் வருடமும். வலைத்தளம் அமைக்க உதவும் வேர்ட்பிரஸ், இணையத்தின் 40 சதவீதத்துக்கும் மேல் தன்னில் இயங்குகிறது என்று சொல்லும்போது அதன் பின்னால் டபிள்யூ3டெக்ஸ் என்ற அளவீடு நிற்கிறது, எந்தத் தளங்களை எண்ணுகிறோம், எவற்றை எண்ணுவதில்லை என்று அந்த நிறுவனம் தன் பக்கத்தில் விளக்கியும் இருக்கிறது. ஒப்புக்கொள்ளாதவர்கூட எதை ஒப்புக்கொள்ளவில்லை என்று குறிப்பாகச் சொல்ல முடிகிறது.

புதுப்பிப்பதை மனித நினைவை நம்பி விடாதீர்கள். வெளியீட்டுச் சரிபார்ப்புப் பட்டியலில் ஒரு வரி சேர்க்கலாம், அல்லது மாதம் ஒரு முறை ஓடி எண்ணைக் கணக்கிட்டுப் புல் ரிக்வெஸ்டாக அனுப்பும் வேலை ஒன்றை அமைக்கலாம். நேராக முகப்பை மாற்றாமல் புல் ரிக்வெஸ்டாக வருவது நல்லது, எண் திடீரென்று பாதியானால் யாராவது கண்ணால் பார்ப்பார்கள்.

முகப்பு பல மொழிகளில் இருந்தால் எண்ணை வாக்கியத்தோடு சேர்த்து மொழிபெயர்க்கக் கொடுங்கள், எண்ணைத் தனியாகவும் சொல்லைத் தனியாகவும் ஒட்டாதீர்கள். அரபியில் எண்ணுக்கு ஏற்ப ஆறு வகை வடிவங்கள் உண்டு, ரஷ்யனிலும் போலிஷிலும் 2-க்கு ஒன்று 5-க்கு ஒன்று. காற்புள்ளி விழும் இடமும் மாறும், ஒரே எண் சில மொழிகளில் 1,50,000 என்றும் வேறு சிலவற்றில் 150,000 என்றும் எழுதப்படும். உலாவியில் உள்ள Intl.NumberFormat என்ற வசதி இதைக் கவனித்துக்கொள்ளும். ‘150கே’ போன்ற சுருக்கங்களை எல்லா மொழிக்கும் அப்படியே தள்ளிவிடாதீர்கள்.

படி 10: இணைப்பதற்கு முன் ஒரு வெளியாள்

முகப்பு மாற்றத்தை இணைக்கும் முன், திட்டத்தோடு சம்பந்தமில்லாத ஒருவரிடம் வாக்கியத்தை மட்டும் காட்டி, ‘இந்த எண்ணில் நீங்கள் இருக்க வேண்டும் என்றால் என்ன செய்திருக்க வேண்டும்?’ என்று கேளுங்கள். ‘கமிட் அனுப்பியிருக்க வேண்டும்’, ‘டிஸ்கார்டில் சேர்ந்திருக்க வேண்டும்’ என்று உடனே பதில் வந்தால் வாக்கியம் சரி. முழித்தால் இரண்டாம் படிக்குத் திரும்புங்கள்.

எண் இறங்கும் வருடமும் வரும், அதற்கு என்ன செய்வது என்று இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். கடந்த ஆண்டு 140, இந்த ஆண்டு 95 என்றால், சத்தமில்லாமல் மொத்த எண்ணுக்கு மாறிவிடும் ஆசை எல்லாக் குழுவிலும் எழும். பழைய பக்கம் காப்பகத்தில் இருக்கிறது, மாற்றிய கமிட்டும் வரலாற்றில் இருக்கிறது, கவனிக்கிறவர் கவனிப்பார். 95 என்றே எழுதிவிட்டு, காரணம் தெரிந்தால் எண்ணும் முறையைச் சொல்லும் கோப்பில் ஒரு வரி சேர்த்துவிடலாம்: ஒரு செருகு நிரல் தனி ரெப்போவுக்குப் போனது, அதில் வேலை செய்கிறவர்கள் இந்தக் கணக்கில் இல்லை, என்பது மாதிரி. எண்ணும் முறையையே மாற்ற வேண்டியிருந்தால், புதிய முறையில் பழைய வருடத்தையும் ஒரு முறை எண்ணி இரண்டையும் சேர்த்துப் போடுங்கள்.